தண்ணீரோடு உரையாடும் நூலகம்

காராங்முவாராவில் கொத்தனார் தர்ஜோ கை வைக்காத தரை கிடையாது. ஜாவாவின் வடகரையில், துறைமுகத்துக்குப் பின்னால், கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிற குடியிருப்பு அது. கடல் அங்கே அலையடித்துக்கொண்டு வராது. சாக்கடை வழியாகச் சத்தமில்லாமல் வந்து, பழகிய உறவுக்காரனைப் போலப் பின்வாசலில் நிற்கும். அமாவாசை பௌர்ணமிக்குக் கணுக்கால் அளவு. மே மாதம் பிறந்துவிட்டால் முழங்கால் அளவு. நிலமும் வருஷத்துக்கு நாலு விரல் இறங்கிக்கொண்டே போகிறது. அதனால் ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா வீட்டுக்காரர்களும் தர்ஜோவைக் கூப்பிட்டுத் தரையை உயர்த்திக்கொள்வார்கள். தரை உயரும், கூரை உயராது. வாசல் குட்டையாகிக்கொண்டே போகும். அங்கே வளர்ந்த ஆட்கள் எல்லாரும் குனிந்துதான் வீட்டுக்குள் நுழைகிறார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் பணிவு என்று நினைத்துக்கொள்வதுண்டு.

தர்ஜோவின் மனைவி ருஸ்மியாத்தி மாலுமிகள் தங்கும் விடுதியில் துணி துவைத்தவள். கப்பலேறுகிறவர்கள் படுக்கைக்கு அடியில் விட்டுப்போகும் புத்தகங்களை அவள் குப்பைக்கு அனுப்ப மாட்டாள். அப்படிச் சேர்ந்த பதினோரு புத்தகங்களை முன்னறையில் அடுக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். மூடிய பள்ளிக்கூடங்களிலிருந்தும் பழைய தாள் கடைகளிலிருந்தும் கேட்டு வாங்கி, இருபது வருஷத்தில் அது ஆயிரத்து நூற்று நாற்பது ஆனது. மீன் புகை போடும் பெண்கள்தான் அவளுடைய வாசகர்கள். அவர்கள் கை கழுவிவிட்டுத்தான் எடுப்பார்கள், ஆனாலும் காராங்முவாராவின் புத்தகம் எதைத் திறந்தாலும் புகைபோட்ட திருக்கை மீன் வாசம்தான் முதல் பக்கம். தர்ஜோ அவளுக்காகச் சிமெண்டிலேயே அலமாரி கட்டிக் கொடுத்தார். அடித்தட்டு அவர் இடுப்புக்கு மேலே ஆரம்பிக்கும். உச்சித்தட்டை எட்ட ருஸ்மி முக்காலி போட்டு ஏறுவாள்.

சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு ஒன்றரை வருஷம் கிடந்தாள். உயிர் போவதற்கு முந்தின வாரம் புருஷனிடம் சொன்னாள். "மாஸ், இதெல்லாம் பூட்டி வெச்சுக்காதீங்க. படிக்கிற ஜனங்க கையில இருக்கணும்."

தர்ஜோவுக்குத் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். அவள் போன பிறகு யாராவது வந்து "அந்தப் பச்சை அட்டை, நாலாவது தடவையா கல்யாணம் பண்றவளோட கதை" என்று கேட்டால் அரைமணி நேரம் தேடுவார். வந்தவர்கள் "பரவால்ல பாக், இன்னொரு நாள் வரேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் போன பிறகும் அவர் தேடிக்கொண்டே இருப்பார்.

அப்போதுதான் தெருத் தலைவர் சுப்ரான் சேதி கொண்டுவந்தார். மாநகர நூலகத் துறையில் 'பண்பு மற்றும் பொருள் வெளிப்பாட்டுப் பிரிவு' என்று ஒன்று புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள். குடியிருப்புக்கு ஒரு நூலகம். ஒவ்வொன்றும் அந்தந்த இடத்தின் குணத்தையும் அர்த்தத்தையும் வெளிப்படுத்த வேண்டும் என்பது விதி. தொழுகைக்கூடத்துக்குப் பக்கத்துக் காலி மனையும் ஆயிரம் புத்தகமும் இருந்தால் காராங்முவாராவுக்கே கிடைக்கும்.

"கொடுத்துடுங்க பாக் தர்ஜோ. கவர்மெண்டுக் கட்டடம். ஏசி எல்லாம் இருக்கும். ருஸ்மி பேர் நிக்கும்," என்றார் சுப்ரான்.

தர்ஜோ கையெழுத்துப் போட்டார். திரும்பப் பெற முடியாத நன்கொடை என்று நாலாம் பத்தியில் இருந்ததைச் சுப்ரான் வாசித்துக் காட்டினார். திரும்ப எதற்குப் பெற வேண்டும் என்று தர்ஜோ கேட்டார்.

முதல் கூட்டம் சுப்ரான் வீட்டு முற்றத்தில் நடந்தது. பிரிவுத் தலைவர் டாக்டர் வித்யானிங்ரும் என்கிற அம்மாள் ஏழு பேரோடு வந்தார். பட்டிக் மேலாடை, கழுத்தில் பெயரட்டை, சிரிப்பு கலையாத முகம். ஆளுக்கொரு பலகாரப் பெட்டி கொடுத்தார்கள். பிறகு மஞ்சள் துண்டுச் சீட்டுகள்.

"உங்க குடியிருப்போட குணம் என்ன? மனசுல முதல்ல என்ன தோணுதோ அதை எழுதுங்க."

ஜனங்கள் கூடிப் பேசி எழுதினார்கள். தண்ணீர். ஓட்டை பம்பு. புகையடுப்பு. மறுபடியும் தண்ணீர். மீன் புகை போடும் தாசிமா, 'சாக்கடை அடைப்பு, தயவுசெய்து' என்று எழுதியிருந்தாள். தாசிமா இரண்டு வீடு தள்ளி இருப்பவள், ருஸ்மியிடம் வாராவாரம் புத்தகம் எடுத்தவள்.

டாக்டர் வித்யா சீட்டுகளைப் பார்த்துவிட்டு, தாசிமாவை அம்மா என்று மரியாதையாகக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "இதெல்லாம் பிரச்சினை, இபு. நான் குணம் கேட்டேன். பிரச்சினைங்களைப் பாக்கறது ஆபீஸ்ல ரெண்டாம் மாடி. நாங்க நாலாம் மாடி."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கிடக்குது இபு," என்றாள் தாசிமா.

"அதைத்தான் பிரிச்சுக் கொடுக்கறோம்."

தர்ஜோ கையைத் தூக்கினார். வாழ்நாளில் ஒரு கூட்டத்தில் அவர் கையைத் தூக்கியது அதுவே முதல் தடவை. "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் இபு. தரையை ரோட்டுலேருந்து ஒண்ணேகால் மீட்டர் தூக்கிக் கட்டணும். வேற எப்படி வேணும்னாலும் கட்டுங்க."

ஒரு பெண் ஊழியர் அதைச் சீட்டில் எழுதினாள். டாக்டர் வித்யா அதை வாங்கி, கண்ணை மூடித் திறந்து, பலகையில் 'ஆன்மிகம்' என்ற தலைப்பின் கீழ் ஒட்டினார். சீட்டில் 'உயர்வு வேட்கை' என்று எழுதியிருந்ததைச் சுப்ரான் பிறகு வாசித்துச் சொன்னார். பெரிய வார்த்தையாக இருந்ததால் தர்ஜோவுக்குத் திருப்தியாகவே இருந்தது.

பத்து நாள் கழித்துக் கட்டடக் கலைஞர் ஆர்யோ வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. இடத்தைக் 'கேட்பதற்கு' மூன்று நாள் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார். சாக்கடை ஓரமாகப் பாயை விரித்துக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் வரை அசையாமல் இருந்ததைப் பார்த்த தாசிமா, பாவம் மயக்கம்போல என்று சர்க்கரை கூடப் போட்டு டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு, இடம் இனிமையாகப் பேசுகிறது என்று குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் தர்ஜோ அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். முன்னறைச் சுவரில் ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் ஏறிய அளவை ஆணியால் கீறி வைத்திருந்தார். பழைய கோடுகள் இப்போது தரைக்கடியில் போய்விட்டன. மிச்சம் ஒன்பது கோடுகள் தெரிந்தன. "இது ஒன்பது வருஷம் முந்தி. இது ருஸ்மி ஆஸ்பத்திரில இருந்தப்ப. இது போன மே மாசம். பாருங்க, கோடு ஏறிட்டே போவுது."

ஆர்யோ சுவரைத் தொட்டார். கோடுகளை விரலால் தடவினார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, நிஜமாகவே வந்தது. "பாக் தர்ஜோ, இந்தச் சுவர் பேசுது. இதைத்தான் நான் கட்டப்போறேன்," என்றார்.

அன்று தர்ஜோவுக்குச் சோறு கொஞ்சம் கூடவே இறங்கியது. ருஸ்மியின் படத்துக்கு முன்னால் நின்று, "படிச்ச பையன். சொன்னது புரிஞ்சுபோச்சு," என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

இரண்டு மாதம் கழித்து வரைபடத்தைத் திரையில் காட்டினார்கள். கண்ணாடிக் கட்டடம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு பெரிய தொட்டி மாதிரி இருந்ததை தர்ஜோ முதலில் மீன் தொட்டி என்று நினைத்தார். பிறகு அதற்குள் மனிதர்கள் உட்கார்ந்து படிப்பதுபோல வரைந்திருந்தது தெரிந்தது.

"நூலகத் தரை ரோட்டுலேருந்து எண்பது சென்டிமீட்டர் கீழ," என்றார் ஆர்யோ. "வாசகர் படியிறங்கிப் போறார். கடலோட மட்டத்துக்கே போறார். இது தண்ணீரோட உரையாடும் நூலகம்."

தர்ஜோ எழுந்தார். "கீழயா? நான் மேலன்னு சொன்னேன் பாக்."

"நீங்கதான் எனக்கு இதைக் காட்டினீங்க பாக் தர்ஜோ. உங்க சுவர்ல ஒன்பது கோடு. தலைமுறை தலைமுறையா தண்ணியைக் கண்டு ஓடுறீங்க, தரையைத் தூக்கித் தூக்கி. அது பயம். நூலகம் பயத்தைக் கட்டக்கூடாது. தண்ணியை மன்னிக்கக் கத்துக்கொடுக்கணும்."

"தண்ணிக்கு மன்னிப்பெல்லாம் வேணாம் பாக். வழி இருந்தாப் போதும், வந்துடும்."

டாக்டர் வித்யா அந்த வாக்கியம் மிக அழகாக இருப்பதாகச் சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொன்னார். உயர்வு வேட்கை என்ன ஆனது என்று சுப்ரான் கேட்டதற்கு, தாழ்ந்தவனுக்கே உயர்வு தெரியும் என்பதால் அது முழுமையாக நிறைவேற்றப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது.

ஆட்சேபம் இருந்தால் படிவத்தில் தெரிவிக்கலாம் என்றார்கள். படிவத்தில் நான்கு வகை இருந்தது: நிறம், தொடுவுணர்வு, நினைவு, மனவுணர்ச்சி. உயரத்துக்குக் கட்டம் இல்லை. தர்ஜோ யோசித்து யோசித்து மனவுணர்ச்சியில் டிக் போட்டார். கீழே சுப்ரானை எழுதச் சொன்னார்: 'தண்ணீர் உள்ளே வரும்.' மூன்று வாரத்தில் முத்திரை வைத்த கடிதம் வந்தது. அவருடைய உணர்ச்சிக்குத் துறை நன்றி தெரிவித்திருந்தது.

புத்தகங்களையாவது ஒரு மழைக்காலம் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்க நாலாம் மாடிக்குப் போனார். பழுப்புச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனார். அங்கிருந்த ஊழியர் மரியாதையாக உட்கார வைத்து விளக்கினார். புத்தகங்கள் இப்போது அரசுச் சொத்து. ஏற்கெனவே நிறம் பிரிக்க அனுப்பியாகிவிட்டது.

"நிறமா?"

"அட்டை நிறம், பாக். அடித்தட்டுல அடர் நீலம், மேல போகப்போக வெளிர் நீலம், உச்சில வெள்ளை. கடல் மட்டத்துலேருந்து மேகம் வரைக்கும். நீலம் பத்தலைன்னு மத்ததுக்கெல்லாம் நீல அட்டை போடறோம்."

"அப்போ எது என்ன புத்தகம்னு எப்படித் தெரியும்?"

ஊழியர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "அதை எங்ககிட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கல," என்றார்.

வேலை ஆரம்பித்தபோது தர்ஜோவுக்கே அழைப்பு வந்தது. உள்ளூர்க் கைகள் கட்ட வேண்டும் என்பதும் விதிகளில் ஒன்று. போக வேண்டாம் என்றாள், அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் தாசிமா. "காங், நீங்களே குழி தோண்டுவீங்களா?"

"வேற ஆளு தோண்டினா பூச்சு சரியாப் பூச மாட்டான் தாசிமா. நான் இருந்தா ஒழுகாமப் பாத்துக்கலாம்."

முப்பது வருஷமாகத் தரையை மேலே தூக்கிய மனிதர் முதல் தடவையாகக் கீழே தோண்டினார். நாற்பதாவது சென்டிமீட்டரிலேயே உப்புத் தண்ணீர் ஊறியது. வாளியால் இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். அடியில் இரட்டைப் பூச்சு, தார்த்தாள், மறுபடி பூச்சு என்று தெரிந்த வித்தையெல்லாம் செய்தார். ஊற்றுத் தண்ணீரை வெளியேற்ற ஒரு பம்புக் குழி விடலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டார். பம்புச் சத்தம் மௌனத்தின் அர்த்தத்தைக் கெடுக்கும் என்று வரைபடத்திலேயே குறிப்பிருந்தது. அலமாரி நிற்கும் இடத்தில் யாரும் கேட்காமலே நாலு வரிசை செங்கல் வைத்து மேடை கட்டினார். ஆர்யோ வந்து பார்த்தார்.

"இது என்ன பாக்?"

"ஒரு சின்ன மேடை. புத்தகம் நனையாம இருக்கும்."

"உங்க அன்பு எனக்குப் புரியுது. ஆனா இது அர்த்தத்தைக் குறுக்க வெட்டுது."

தர்ஜோ உளியை எடுத்து வந்தார். பிறகு தான் கட்டியதைத் தானே உடைத்தார். வேறு யாராவது உடைத்தால் அடிப்பூச்சு விரிசல் விட்டுவிடும் என்று, ஒவ்வொரு செங்கலாக, உளியால் மெதுவாகத் தட்டி எடுத்தார். அதற்கு ஒரு பகல் முழுக்க ஆனது.

திறப்பு விழா மார்ச் மாதம், நல்ல வெயிலில். தர்ஜோவுக்குக் 'கதைக் காவலர்' என்று பின்னிய மேல்கோட்டு ஒன்று போட்டுவிட்டார்கள். வாசலில் ருஸ்மியின் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். விடுதி அடையாள அட்டையிலிருந்து எடுத்த படம், கொஞ்சம் திகைத்த மாதிரி பார்ப்பாள். கீழே எழுதியிருந்ததை தர்ஜோ எழுத்துக்கூட்டினார். ஒரு வார்த்தையில் நின்றுவிட்டார். சுப்ரானைக் கூப்பிட்டார்.

"இது என்ன வார்த்தை?"

சுப்ரான் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "விதவைன்னு போட்டிருக்கு பாக். 'கடலில் கணவனைப் பறிகொடுத்த மீனவ விதவை, கண்ணீரைப் புத்தகமாக்கினாள்.'"

தர்ஜோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு டாக்டர் வித்யாவிடம் போனார். "இபு, மன்னிக்கணும். நான் சாகலை."

"தெரியும் பாக், ரொம்ப சந்தோஷம்."

"இல்ல, பலகைல நான் கடல்ல செத்துட்டதா இருக்கு. நான் கொத்தனாரு. கடலுக்கே போனதில்ல. ருஸ்மிதான்…"

டாக்டர் வித்யா அவர் கையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "பாக் தர்ஜோ, ரெண்டு வடிவம் தயார் பண்ணினோம். புருஷன் உயிரோட இருக்கற வடிவத்துக்குக் குழு பன்னிரண்டு மதிப்பெண்தான் கொடுத்தாங்க. இது அறுபத்தெட்டு. தொண்ணூறு குடும்பத்துக்கு ஒரு நூலகம் கிடைக்குது. நீங்க தடுக்க மாட்டீங்கன்னு தெரியும்."

தர்ஜோ தடுக்கவில்லை. திரும்பி வந்து, தன்னுடைய விதவையின் பக்கத்தில் மேல்கோட்டோடு நின்றார். புகைப்படக்காரர் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

டாக்டர் வித்யா பேசினார். "நூலகம் புத்தகத்துக்கா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். அது போன நூற்றாண்டின் கேள்வி. மூன்று ஆண்டுகளில் பதினான்கு நூலகங்கள் திறந்திருக்கிறோம். பெருமையோடு சொல்கிறேன், ஒன்றில்கூட ஒரு புத்தகம் தொலைந்ததில்லை, ஒரு பக்கம் கிழிந்ததில்லை. வாசகரிடமிருந்து ஒரு புகார்கூட வந்ததில்லை, வாசகர்களே வராத நூலகங்களிலிருந்தும்கூட. வாசகர் வருவார், போவார். அர்த்தம் எங்கும் போகாது. சென்ற ஆண்டு மலையடிவாரத்தில் நாங்கள் கட்டிய நூலகத்துக்குக் கதவே இல்லை. ஏனென்றால் அறிவுக்குக் கதவு கிடையாது. இன்றுவரை அதற்குள் எப்படிப் போவது என்று அந்த மக்கள் சிந்தித்துக்கொண்டிருக்கிறார்கள். சிந்திக்க வைப்பதுதானே நூலகத்தின் வேலை?"

எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் முடிந்ததும் தாசிமா கையைத் தோள்துணியில் துடைத்துக்கொண்டு படியிறங்கப் போனாள். பாதுகாப்பு ஊழியர் தடுத்தார். தலைநகரிலிருந்து விருதுக்குழு வந்து பார்க்கும் வரை உள்ளே யாரும் எதையும் தொடக்கூடாதாம். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

"எப்ப வருவாங்க?"

"மே கடைசில."

"மே மாசமா?" என்றாள் தாசிமா. திரும்பி தர்ஜோவைப் பார்த்தாள். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டரை மாதமும் தர்ஜோ காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நூலகத்தைச் சுற்றி வந்தார். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துத் தரையின் மூலைகளைப் பார்ப்பார். காய்ந்திருக்கும். 'நம்ம பூச்சு,' என்று சொல்லிக்கொள்வார். ஏப்ரல் பௌர்ணமிக்கும் காய்ந்தே இருந்தது. ஒருவேளை தப்பித்துவிடும் என்று அவர் நம்ப ஆரம்பித்திருந்தார்.

மே இருபத்து மூன்றாம் தேதி, காலை பத்து மணி. வெயில் அடித்துக்கொண்டிருந்தது, காற்று இல்லை. சாக்கடை முதலில் குமிழி விட்டது, பிறகு பின்னோக்கி ஓடத் தொடங்கியது. அரைமணிக்குள் தெருவில் முழங்கால் அளவு. தர்ஜோ சுத்தியலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கதவு பூட்டியிருந்தது. பாதுகாப்பு ஊழியருக்குக் கொடுத்திருந்தது வெளிக்கேட்டுச் சாவி மட்டும்தான். உள்சாவி நாலாம் மாடியில். சுப்ரான் தொலைபேசியில் கூப்பிட்டார். டாக்டர் வித்யாவே எடுத்தார். "விருதுக்குழு வண்டியில இருக்காங்க, பாக் சுப்ரான். இன்னும் ஒரு மணி நேரத்துல அங்க இருப்போம். எதையும் தொட விடாதீங்க. ஒரு நாற்காலிகூட நகரக்கூடாது."

"தண்ணி வருது இபு."

"அப்படியா," என்றார் அவர். குரலில் ஏதோ மலர்ந்தது. "எவ்வளவு?"

தர்ஜோ சுத்தியலை ஓங்கினார். பாதுகாப்பு ஊழியர் பின்வாங்கினார், தடுக்கவில்லை. அவருக்கும் புரிந்திருந்தது. ஆனால் சுத்தியல் இறங்கவில்லை. தெருத் தண்ணீர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே முழங்கால் உயரத்தில் நின்றது. கதவு அதைத் தாங்கிக்கொண்டிருந்தது, அவரே ரப்பர் வைத்துப் பொருத்திய கதவு. இதை உடைத்தால் தெருவே உள்ளே பாயும். உடைக்காவிட்டால் உள்ளே போக முடியாது. அவர் கொத்தனாராக இல்லாமல் இருந்திருந்தால் உடைத்திருப்பார்.

கண்ணாடி வழியாகப் பார்த்தார். கீழே, எண்பது சென்டிமீட்டர் பள்ளத்தில், தரை நடுவிலிருந்த ஓர் இணைப்பிலிருந்து தண்ணீர் நூலாக எழும்பிக்கொண்டிருந்தது. எந்த இணைப்பு என்று அவருக்குத் தெரியும். மேடையை உடைத்த இடம். அன்று அத்தனை பதமாகத் தட்டியும் எங்கோ ஒரு விரிசல் விட்டிருக்கிறது.

அடர் நீலம் முதலில் நனைந்தது. நனைந்த புத்தகம் பருக்கும். ஒன்று பருத்துப் பக்கத்திலிருப்பதை நெருக்கும், அது அடுத்ததை. கொஞ்ச நேரத்தில் வரிசையே முதுகை வளைத்துக்கொண்டு முன்னால் பிதுங்கி, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தது. ஒட்டிய நீல அட்டைகள் கழன்று மிதந்தன. அட்டைக்கு அடியில் பழைய பச்சையும் சிவப்பும் தெரிந்தன. தர்ஜோவுக்கு அதில் சிலதைப் பார்த்த உடனே தெரிந்தது. ருஸ்மி போன பிறகு வீட்டில் தேடித் தேடிக் கிடைக்காமலிருந்த புத்தகங்கள்.

விருதுக்குழு உயரமான லாரியில் வந்து இறங்கியது. ஐந்து பேர், எல்லாருக்கும் புது ரப்பர் பூட்ஸ். கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஆர்யோ அழுதுகொண்டிருந்தார்.

"கடல் வாசிக்குது," என்றார் ஆர்யோ மெல்ல.

குழுத் தலைவர் நெடுநேரம் கழித்துத் திரும்பி, கையில் சுத்தியலோடு இடுப்புவரை நனைந்து நிற்கும் மனிதரைப் பார்த்தார். அவர்தான் கதைக் காவலர் என்று டாக்டர் வித்யா அறிமுகம் செய்தார். இந்தத் தருணத்தில் அவர் என்ன உணர்கிறார் என்று குழு கேட்டது.

"என் பொண்டாட்டி புத்தகம் நனையுது," என்றார் தர்ஜோ. "கதவைத் திறங்க."

டாக்டர் வித்யா வெள்ளைக்காரருக்கு அதை மொழிபெயர்த்தார். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். என்ன சொன்னீர்கள் என்று சுப்ரான் டாக்டர் வித்யாவிடம் கேட்டபோது, "இருக்கறதைத்தான் சொன்னேன். என் மனைவி தண்ணீரிடம் திரும்பினாள், கதவு திறந்திருக்கிறதுன்னு," என்றார்.

முதல் பரிசு கிடைத்தது. அடுத்த பிரச்சினை, தண்ணீர் ஆறே நாளில் வடிந்துவிட்டது. தலைநகரிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்குக் காய்ந்த தரையைக் காட்ட முடியாதென்று துறை அவசரமாக ஒரு பம்பு வாங்கியது. நல்ல பம்பு, சத்தமே வராது. அது சாக்கடையிலிருந்து நூலகத்துக்குள் தண்ணீரைக் கொண்டுவரும். அலமாரிகளில் நிரந்தரமாக இருக்கட்டும் என்று கண்ணாடியிழையில் செய்த நீலப் புத்தகங்களை அடுக்கினார்கள். அவை பருக்காது.

நிஜப் புத்தகங்களை அழிக்க வேண்டியிருந்தது. சேதமான அரசுச் சொத்தை நன்கொடையாளர் முன்னிலையில்தான் அழிக்கலாம் என்பதால் தர்ஜோவை அழைத்தார்கள். துறையின் பின்கட்டில், வெயிலில், பாசி பிடித்த பொதியாக அவை கிடந்தன. அதே ஊழியர்தான், நிறம் பிரித்ததைப் பற்றிச் சொன்னவர்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார் தர்ஜோ. "எதுன்னாலும் சரி. காய வெச்சுக்கறேன்."

ஊழியர் சுற்றுமுற்றும் பார்த்தார். நல்ல மனிதர்தான். "உங்க கஷ்டம் தெரியுது பாக். ஆனா அழிக்கறதுக்கு ஆயிரத்து நூத்தி நாப்பதுன்னு உத்தரவு. ஒண்ணு குறைஞ்சா மறுபடியும் மொதல்லேருந்து குழு போடணும்."

தர்ஜோ தலையசைத்தார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அரைக்கிற இயந்திரத்தை ஓட்டினார்கள். ஈரத் தாள் என்பதால் சத்தம் அதிகம் வரவில்லை. எல்லாம் முடிகிற வரை நின்றுவிட்டு, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தார்.

அதற்கடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் தாசிமா வந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு நேராக வந்திருந்தாள், உடம்பெல்லாம் புகை வாசம். குனிந்து உள்ளே நுழைந்து, காலியான சிமெண்ட் அலமாரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வந்த விஷயத்தைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"காங், ஒண்ணு கேக்கணும். ருஸ்மிகிட்ட ஒரு கதை எடுத்திருந்தேன். மூணு பாகம். ஒரு பொண்ணு, வேலைக்குன்னு வெளிநாட்டுக்குப் போயிடுவா. ரெண்டு பாகம் படிச்சேன். மூணாவது எடுக்கறதுக்குள்ள ருஸ்மிக்கு முடியாமப் போச்சு. அப்புறம் நூலகம் வரட்டும்னு இருந்தேன்." நிறுத்தினாள். "அவ ஊருக்குத் திரும்பினாளா?"

தர்ஜோ காலி அலமாரியைப் பார்த்தார்.

"அதை எனக்கு வாசிச்சுக் காட்டினா. சாப்பிட்டு முடிச்சதும் தினம் கொஞ்சம். மூணாம் பாகமும் வாசிச்சா."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"கடைசி அத்தியாயத்துல தூங்கிட்டேன் தாசிமா. அன்னிக்கு மூணு வீட்டுத் தரை போட்டிருந்தோம்."

"மறுநாள் கேக்கலையா?"

"கேட்டேன். தூங்கறவருக்கெல்லாம் முடிவு சொல்ல மாட்டேன், இன்னொரு நாள் மொதல்லேருந்து வாசிக்கறேன்னா. அந்த வாரம்தான் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பிச்சோம்."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனார்கள். தாசிமா கால்களை மடக்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"சரி காங். எதுவரைக்கும் கேட்டீங்களோ, அதுவரைக்கும் சொல்லுங்க."

தர்ஜோ அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் கதை சொல்லிப் பழகியவர் இல்லை. பெயர்கள் மறந்திருந்தன. இடையிடையே, இல்லை, அதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது என்று திரும்பிப் போக வேண்டியிருந்தது. அந்தப் பெண் எசமானி வீட்டில் பட்டதைச் சொன்னார். கடிதம் வராமல் போனதைச் சொன்னார். ஒரு நாள் சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் அவள் அழுததைச் சொன்னபோது, ருஸ்மி அந்த இடத்தை இரண்டு தடவை வாசித்தாள் என்றும் சொன்னார். தாசிமா கண் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைசில துறைமுகத்துக்கு வர்றா," என்றார் தர்ஜோ. "கப்பல் வந்து நிக்குது. ஊர்க் கப்பல்தான். எல்லாரும் ஏறுறாங்க. அவ பெட்டியைத் தூக்குறா."

தாசிமா காத்திருந்தாள்.

"அவ்வளவுதான் தெரியும்," என்றார் தர்ஜோ.

அவள் சரி என்று தலையசைத்தாள். ஆனால் எழுந்து போகவில்லை. அவரும் போகச் சொல்லவில்லை.